‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ல தப்பு விடாத நாம், ‘டிஸ்கஸ் அபவுட்’ல மட்டும் ஏன் மாட்டிக்கிறோம்?

“ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...”

இந்த வரியை எழுதாமல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் ரொம்பக் குறைவு. காய்ச்சல் இருந்ததோ, அத்தை வீட்டுக் கல்யாணம் இருந்ததோ, லீவு லெட்டர்ல காய்ச்சல்தான் இருக்கும்.

இந்த வரியில ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? இங்கிலீஷ்ல ஃபெயில் ஆகும் பையன்கூட இதை ‘சஃபரிங் வித்’ என்றோ ‘சஃபரிங் பை’ என்றோ எழுத மாட்டான். இத்தனைக்கும் தமிழில் நாம் சொல்வது ‘காய்ச்சலால் அவதி’. அந்த ‘ஆல்’ என்பதை நேராக மாற்றினால் ‘பை’ அல்லது ‘வித்’தான் வரணும். ஆனாலும் எல்லோரும் சரியாக ‘ஃப்ரம்’ போடுகிறோம்.

அதே நாம்தான் இன்டர்வியூவில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொல்லி மாட்டிக்கொள்கிறோம். மாட்டியவர்களில் நானும் ஒரு ஆள்.

டிகிரி முடித்த கையோடு சென்னையில் ஒரு நிறுவனத்தின் குரூப் டிஸ்கஷனில் உட்கார்ந்தேன். முதல் ஆளாகப் பேசினால் மார்க் என்று யாரோ சொல்லியிருந்ததால், “லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் சோஷியல் மீடியா” என்று ஆரம்பித்தேன். தேர்வு செய்ய வந்தவர், “டிஸ்கஸ். நோ அபவுட்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு முடியும் வரை நான் வாயே திறக்கவில்லை. வேலை கிடைக்காததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், வாயே திறக்காத ஆளுக்கு யார் வேலை கொடுப்பாங்க?

ராஜபாளையம் திரும்பிய பஸ்ஸில் ஒரே கேள்விதான் ஓடியது. ‘அபவுட்’ போட்டா என்ன தப்பு? தப்பு என்று சொன்னவர் ஏன் தப்பு என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் நடத்திய பள்ளிக்கூடமும் சொல்லவில்லை.

அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

தப்பு எங்கேயிருந்து வருது?

தமிழில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி ஒரு வால் ஒட்டுவோம். ஐ, ஒடு, கு, இல், ஆல் என்று பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகள்தான் அந்த வால். அது போதாத இடத்தில் பற்றி, மேல், கிட்ட, கூட என்று ஒரு தனிச்சொல்லைச் சேர்ப்போம். இந்த வேலையை இங்கிலீஷில் பெரும்பாலும் பெயருக்கு முன்னாடி வரும் டு, இன், ஆன், அட், வித், அபவுட் போன்ற சின்னச் சொற்கள் செய்கின்றன. அவைதான் ப்ரிபொசிஷன்.

தொல்காப்பியம் வேற்றுமை ஏழு என்கிறது. விளியையும் சேர்த்தால் எட்டு. அது மட்டுமில்லை. ஒரு வேற்றுமை வர வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதைப் பேசுவதற்கென்றே சொல்லதிகாரத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று தனி இயல் இருக்கிறது. உருபு இடம் மாறும், மயங்கும் என்பதை நம்ம இலக்கணம் அவ்வளவு காலத்துக்கு முன்பே உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

இப்போ ‘டிஸ்கஸ் அபவுட்’டுக்கு வருவோம். நம் மனசுக்குள் ஓடும் வாக்கியம், ‘இதைப் பத்திப் பேசினோம்’. ‘பேசு’ என்ற வினைக்கு ‘பத்தி’ வேணும். அதனால் ‘அபவுட்’ தானாக வந்து உட்கார்கிறது. ‘அவரோட கல்யாணம் ஆச்சு’ என்பதுதான் ‘மேரீட் வித்’ ஆகிறது. ‘என் மேல கோபம்’ என்பது ‘ஆங்க்ரி ஆன் மீ’ ஆகிறது. ‘மதுரைக்கு வந்து சேர்ந்தேன்’ என்பது ‘ரீச்ட் டு மதுரை’ ஆகிறது.

இதையெல்லாம் செய்கிறவர் இலக்கணம் தெரியாதவர் இல்லை. ஒரு இலக்கணத்தை ரொம்ப நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர். அந்த இலக்கணம் வேறு மொழியோடது, அவ்வளவுதான்.

எங்க ஊரில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் இதே கதைதான். நம்ம ‘பற்றி’ வரும் இடத்தில் தெலுங்கில் ‘குரிஞ்சி’ வரும். அதுவும் பெயருக்குப் பின்னாடிதான் நிற்கும். ஆகவே வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளையும் ‘டிஸ்கஸ் அபவுட்’டில் வந்துதான் நிற்கும்.

ஒரே ஒரு ‘ல’

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சுமார் 12 கிலோமீட்டர்தான். அந்த பஸ் பயணத்தில் நாம் எத்தனை ‘ல’ போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்க.

ராஜபாளையத்துல இருக்கேன். இங்கிலீஷில் ‘இன்’. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். ‘அட்’. பஸ்ல உட்கார்ந்திருக்கேன். ‘ஆன்’. கார்ல உட்கார்ந்திருந்தா மறுபடியும் ‘இன்’. பஸ்ல வந்தேன் என்று பயண வகையைச் சொன்னால் ‘பை’. நமக்கு ஒரே ‘ல’. அவங்களுக்கு நாலு சொல்.

ஒன்றை நாலாகப் பிரிக்கச் சொன்னால் யாருக்கும் தடுமாற்றம் வரும். இதை ஒருத்தர் உட்கார்ந்து ‘உன் மொழியில் ஒன்று இருக்கிறது, அந்த மொழியில் நாலு இருக்கிறது, பிரிக்கும் விதம் இது’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை ஏழாம் வகுப்பிலேயே முடிந்திருக்கும். நமக்குக் கிடைத்ததோ கோடிட்ட இடத்தை நிரப்புக, நாலு ஆப்ஷன், ஒரு மார்க்.

இங்கிலீஷுக்கும் வால் இருந்தது

இங்கிலீஷ் மட்டும் பிறக்கும்போதே ப்ரிபொசிஷனோடு பிறந்த மொழி என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் நம்மைப் போலவே பெயர்ச்சொல்லின் கடைசியில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போக அவை தேய்ந்து உதிர்ந்தன. விழுந்த வால்களின் சுமையில் பெரும்பகுதி சொல் வரிசை மேலும் இந்தச் சின்னச் சொற்கள் மேலும் ஏறியது. ‘ஹி’ என்பது ‘ஹிம்’ ஆவதும், உடைமைக்கு ஒரு ‘ஸ்’ ஒட்டுவதும் அந்தப் பழைய வாலின் மிச்சம்.

அதனால்தான் எந்த வினைக்கு எந்தச் சொல் என்பதில் முழுசா ஒரு லாஜிக் கிடையாது. பாதி வழக்கம். அந்த வழக்கமும் ஊருக்கு ஊர் மாறும். விண்ணப்பத்தை பிரிட்டன்காரர் ‘ஃபில் இன்’ செய்வார், அமெரிக்கர் ‘ஃபில் அவுட்’ செய்வார். ‘ரைட் டு மீ’ என்பார் அவர், ‘ரைட் மீ’ என்பார் இவர். ஒரு முடிவை எதிர்த்தால் பிரிட்டனில் ‘ப்ரொடெஸ்ட் அகைன்ஸ்ட்’. அமெரிக்காவில் ‘அகைன்ஸ்ட்’ இல்லாமலேயே ஓடும்.

அவங்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, நம்ம ‘அபவுட்’டுக்கு மட்டும் சிரிப்பு.

வினையை மாத்திப் பாருங்க

சரி, வழி என்ன? நான் எனக்காகக் கண்டுபிடித்த ஒரு குறுக்குவழியைச் சொல்கிறேன். இங்கிலீஷ் வினைக்கு நேரான தமிழ் வினையைக் கொஞ்சம் மாற்றிப் பிடியுங்கள். உருபு தானாகச் சரியாகிவிடும்.

‘டிஸ்கஸ்’ என்றால் ‘பேசு’ என்று நினைக்காதீங்க. ‘அலசு’ என்று நினையுங்க. பிரச்சினையை அலசினோம். அங்கே ‘பத்தி’க்கு இடமே இல்லை. அதனால் ‘அபவுட்’டுக்கும் இடமில்லை. லத்தீனில் அந்தச் சொல்லின் வேர் ‘உதறிப் பிரி’ என்ற பொருளில்தான் இருந்தது. அலசுவதும் ஏறக்குறைய அதுதானே?

‘ரீச்’ என்றால் ‘போய்ச் சேர்’ வேண்டாம், ‘அடை’. மதுரையை அடைந்தேன். ‘டு’ போச்சு.

‘மேரி’ என்றால் ‘கட்டிக்கோ’. அவளைக் கட்டிக்கிட்டான். ‘வித்’ போச்சு. ‘எம்ஃபசைஸ்’ என்றால் ‘வலியுறுத்து’. ஒற்றுமையை வலியுறுத்தினார். ‘ஆன்’ போச்சு. ‘கான்டாக்ட்’ என்றால் ‘அணுகு’. மேனேஜரை அணுகுங்கள். ‘வித்’ வேண்டாம். ‘ரிசெம்பிள்’ என்றால் ‘ஒத்திரு’. அம்மாவை ஒத்திருக்கிறாள். ‘டு’ வேண்டாம்.

இதே முறை எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ‘சார் எனக்கு விளக்கினார்’ என்பதில் ‘கு’ இருக்கிறது. ஆகவே ‘எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ’. நாம் பலரும் ‘எக்ஸ்ப்ளெயின்ட் மீ’ என்று ‘டு’வை விழுங்கிவிடுகிறோம்.

எல்லா இடத்திலும் இது செல்லாது என்பதையும் சொல்லிடணும். ‘பாட்டைக் கேட்டேன்’ என்று நாம் சொல்கிறோம். அங்கே ‘லிசன்’ பக்கத்தில் ‘டு’ கட்டாயம். ‘மழையை நம்பி விவசாயம்’ என்கிறோம். அங்கே ‘டிபெண்ட் ஆன்’. இந்த மாதிரி வினைகளுக்குக் குறுக்குவழி கிடையாது. லீவு லெட்டர் வழிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நல்ல மாணவர்கள் விழும் குழி

நன்றாக இங்கிலீஷ் படித்தவர்களும் விழும் குழி ஒன்று இருக்கிறது. அது பெயர்ச்சொல்.

‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபவுட்’ வரக் கூடாது. ஆனால் ‘டிஸ்கஷன்’ பக்கத்தில் ‘அபவுட்’ அல்லது ‘ஆன்’ வரும். ‘ரிக்வெஸ்ட்’ என்று வினையாகப் போட்டால் ‘ஃபார்’ இல்லை. ‘எ ரிக்வெஸ்ட்’ என்று பெயராகப் போட்டால் ‘ஃபார்’ உண்டு. ‘டிமாண்ட்’, ‘ஆர்டர்’ இரண்டுக்கும் இதே கதை. ‘அட்டாக்’ வினையானால் தனியாக நிற்கும், பெயரானால் ‘ஆன்’ சேரும். வினையான ‘எம்ஃபசைஸ்’ தனி ஆள். பெயரான ‘எம்ஃபசிஸ்’ கூட ‘ஆன்’ வரும்.

காரணமும் எளிது. வினைக்குத் தன் செயப்படுபொருளை நேராகப் பிடிக்கத் தெரியும். பெயருக்குக் கை கிடையாது, நடுவில் ஒரு ஆள் வேணும். நாம் ‘டிஸ்கஷன் அபவுட்’ என்று நூறு முறை கேட்டுவிட்டு, அந்த ‘அபவுட்’டை ‘டிஸ்கஸ்’ பக்கத்திலும் ஒட்டிவிடுகிறோம். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்தாலே ‘தேவையில்லாத ப்ரிபொசிஷன்’ வகைத் தப்புகளில் பெரும்பகுதி குறைஞ்சிடும்.

எந்தத் தப்பு காசைப் பிடுங்கும்?

இங்கேதான் என் கருத்து தொடங்குகிறது. எல்லா ப்ரிபொசிஷன் தப்பும் ஒன்று இல்லை.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ், காஸ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்படி ஒரு ஆபீஸில் இருந்து போகும் மெயிலில் ‘வி வில் டிஸ்கஸ் அபவுட் தி ரேட்’ என்று இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வாங்குகிறவருக்குப் புரியும்.

ஆனால், ‘சரக்கு வெள்ளிக்கிழமைக்குள் வரும்’ என்று சொல்ல நினைத்து ‘பை’ போடாமல் ‘டில்’ போட்டால்? ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்துகொண்டே இருக்கும்’ என்று அர்த்தம் மாறிவிடும். 200 ரூபாய் சரக்கில் ‘ரெட்யூஸ்ட் பை டென் ருபீஸ்’ என்றால் விலை 190. ‘ரெட்யூஸ்ட் டு டென் ருபீஸ்’ என்றால் விலையே 10. தமிழில்கூட ‘பத்து ரூபா குறைச்சோம்’, ‘பத்து ரூபாயா குறைச்சோம்’ என்று ஒரே ஒரு ‘ஆ’தான் வித்தியாசம். அங்கே நாம் குழம்ப மாட்டோம். இங்கிலீஷில் குழம்புகிறோம்.

‘அக்ரீ வித்’ என்றால் உங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறேன். ‘அக்ரீ டு’ என்றால் உங்கள் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன். ‘ரிசல்ட் இன்’ என்றால் இது அதை உண்டாக்கியது. ‘ரிசல்ட் ஃப்ரம்’ என்றால் இது அதனால் உண்டானது. காரணமும் விளைவும் தலைகீழ். வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் ‘லுக்கிங் இன்டு’ என்றால் விசாரிக்கிறோம். ‘லுக்கிங் ஆஃப்டர்’ என்றால் அந்தப் புகாரைப் பாலூட்டி வளர்க்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி இங்கிலீஷில் ஒரு லேபிள் எழுதணும் என்றால் ‘மேட் ஃப்ரம் மில்க்’. பால் உருமாறிவிட்டது, டப்பாவைத் திறந்தால் பாலைப் பார்க்க முடியாது. சத்திரப்பட்டி பேண்டேஜுக்கு ‘மேட் ஆஃப் காட்டன்’. பருத்தி பருத்தியாகவே கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு சரக்கு, இரண்டு ப்ரிபொசிஷன். பாடப் புத்தகம் இதைவிட நல்ல உதாரணத்தை எங்கே போய்த் தேடும்?

வியன்னா பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் பார்பரா சைடல்ஹோஃபர், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் இங்கிலீஷ் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தவர். தேவையில்லாத இடத்தில் ‘அபவுட்’ போடுவது போன்ற தப்புகள் புரிதலை அநேகமாகக் கெடுப்பதில்லை என்று 2004லேயே எழுதினார். ‘டிஸ்கஸ் அபவுட்’ நம்ம ஊர்த் தப்பு மட்டும் இல்லை. நைஜீரியாவிலும் மலேசியாவிலும் சொல்கிறார்கள்.

ஆனால் நம்ம இன்டர்வியூ அறைகளில் ‘அபவுட்’டுக்குத்தான் முகம் சுளிப்பு. அர்த்தத்தை மாற்றும் ‘பை’யும் ‘டு’வும் பல நேரம் யார் கண்ணிலும் படுவதில்லை. முதலில் சொல்லித்தர வேண்டியது காசைப் பிடுங்கும் தப்பு. சிரிப்பை வரவழைக்கும் தப்பு அப்புறம்.

அப்போ ‘டிஸ்கஸ் அபவுட்’ சரின்னு விட்டுடலாமா? இல்லை. பரீட்சைக்கும் வேலைக்கும் எழுத்துக்கும் அது தப்புதான், திருத்திக்கணும். திருத்துகிறவர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லணும். நான் கேட்பது அவ்வளவுதான்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

நான் படித்த பள்ளியில் இங்கிலீஷ் பீரியடில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் ஃபைன். அந்தப் பத்து ரூபாய் போனதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. தமிழை வெளியே நிறுத்திவிட்டு இங்கிலீஷைச் சொல்லித்தர முயன்றார்களே, அதுதான் வருத்தம். தப்பு பிறக்கும் இடம் தமிழ் உருபு. அந்த உருபின் பெயரையே வகுப்பில் சொல்லக் கூடாது என்றால் தப்பை எப்படிப் பிடிக்கிறது?

காலையில் தமிழய்யா நாலாம் வேற்றுமை ‘கு’ நடத்துகிறார். மத்தியானம் இங்கிலீஷ் டீச்சர் ‘டு’ நடத்துகிறார். இருவரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். ஆனால் இந்தக் ‘கு’வுக்கும் அந்த ‘டு’வுக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. இருவரும் சேர்ந்து வாரத்தில் ஒரே ஒரு வகுப்பு எடுத்தால் போதும். இதுக்குப் புதுப் புத்தகமோ ஸ்மார்ட் போர்டோ தேவையில்லை.

இரண்டாவது, வினையைத் தனியாக மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. வினையையும் அதன் ஜோடியையும் ஒரே சொல்லாகக் கொடுங்க. ‘டிபெண்ட்’ என்று எழுதிப் போட்டு ‘சார்ந்திரு’ என்று அர்த்தம் எழுதினால் பாதிதான் வந்தது. ‘டிபெண்ட்ஸ் ஆன் ரெயின்’ என்று முழுசா எழுதணும். இது ஒன்றும் புதுசு இல்லை. 1950களின் கடைசியில் அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் தொடக்கப் பாடத்துக்கு மறுபயிற்சி கொடுக்கும் பெரிய முயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று உருண்டு பெருகியதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர். விதியைவிட வாக்கிய அமைப்பைப் பழக்குவதுதான் அந்தக் காலப் பாடமுறையின் அடிப்படை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைகளைக் கேளுங்க. மார்கழி வந்தால் ஆண்டாளின் திருப்பாவை முப்பதும் வாயில் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு படித்தா மனசில் ஏற்றினார்கள்? முழுப் பாட்டாகக் கேட்டார்கள், முழுப் பாட்டாகச் சொன்னார்கள். உருபு ஒன்றுகூட இடம் மாறாது. ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ நமக்குச் சரியாக வருவதும் இதே காரணத்தால்தான். அதை யாரும் நமக்கு விதியாகச் சொல்லித்தரவில்லை. முழு வரியாகப் பழகிவிட்டோம். லீவு லெட்டருக்கு வேலை செய்த வழி மற்ற வினைகளுக்கும் வேலை செய்யும்.

மூன்றாவது, சிரிக்கிறவர்களுக்கு. வடக்கேயிருந்து வரும் நடிகை ஆடியோ லாஞ்ச் மேடையில் ‘நான் சென்னை ரொம்ப பிடிக்கும்’ என்கிறார். ‘எனக்கு’ வர வேண்டிய இடத்தில் ‘நான்’. வேற்றுமை உருபு காணாமல் போன தப்பு, நம்ம ‘எக்ஸ்ப்ளெயின்ட் மீ’ மாதிரியே. நாம் என்ன செய்கிறோம்? கை தட்டுகிறோம். விசில் அடிக்கிறோம். ‘எவ்வளவு அழகா தமிழ் பேச ட்ரை பண்றாங்க’ என்று ரீல்ஸ் போடுகிறோம்.

அந்தக் கைதட்டலில் பாதியாவது, ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து நடுங்கிக்கொண்டே ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று ஆரம்பிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். கைதட்ட வேண்டாம், சிரிக்காமல் இருந்தாலே போதும். ‘அபவுட்’டை அப்புறம் எடுத்துக்கலாம். முதலில் அந்தப் பிள்ளை பேசி முடிக்கட்டும்.